முந்திவரும் உதிரம்: ஒரு பழைய கேள்வியும் அதன் பல விடைகளும்

கருவுற்று ஆறேழு மாதம் கடந்தபின், வலி எடுக்கும் நாள் வருவதற்கு முன்பே, ஒரு பெண்ணுக்கு இரத்தம் பட்டால் அது எங்கிருந்து வருகிறது? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு எழுத்தில் விடை தேடப்படுகிறது. 24 வாரம் நிறைந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை பிறப்புவழியில் வரும் உதிரப்போக்கைப் பிரிட்டனின் வழிகாட்டுதல்கள் ஒரே தலைப்பில் சேர்க்கின்றன. வேறு சில நாடுகள் 20 அல்லது 22 வாரத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. எப்படி எண்ணினாலும் நூறு கர்ப்பங்களில் மூன்று முதல் ஐந்து வரை இதில் அடங்கும். உலகத் தாய்ச்சாவுகளில் கால்பங்குக்குச் சற்று மேல் உதிரப்போக்கால் நேர்கிறது. அதில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பின் வரும் போக்கு என்பதால், பிறப்புக்கு முன் வருவது பேச்சில் பின்தங்கிவிடுகிறது. ஆனால் குழந்தையின் உயிரைப் பொறுத்தவரை முன்னால் வரும் உதிரமே கொடியது. பிறந்த பின் வருவதற்கும் அது பல வேளைகளில் முன்னோடி.

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் காரணத்தைத் தேடிய வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. காரணத்தை அறிவதும் ஆபத்தை அறிவதும் இருவேறு வேலைகள் என்பதும், இரண்டாவது முதலாவதற்காகக் காத்திருக்க முடியாது என்பதும் அந்த வரலாற்றிலிருந்தே தேறுகிற முடிவு என்பது இக்கட்டுரையின் வாதம். சில காரணங்களை உதிரம் வருவதற்கு வெகு முன்னரே கண்டுவிடலாம். வேறு சிலவற்றைக் குழந்தை பிறந்து நஞ்சு (நஞ்சுக்கொடி) வெளிவந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏறக்குறைய பாதிப் பேரில் எதுவும் தெரியாமலே போகிறது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப்பகுதியில், செபராங் ஜெயா போன்ற ஓர் ஊரில், அரசு மருத்துவமனையும் ஸ்கேனும் அறுவை அறையும் எட்டும் தூரத்தில் இருக்கும்போதுகூட இந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

ரிக்பி போட்ட கோடு

நஞ்சு எப்போதும் கருப்பையின் மேற்பகுதியில்தான் ஒட்டும், கருப்பை வாயருகே அது கைக்குத் தட்டுப்பட்டால் மேலிருந்து கழன்று விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டின் பிரசவ மருத்துவர் பலர் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு முதல் இடைஞ்சல் 1685-இல் பாரிஸின் பால் போர்த்தாலிடமிருந்து வந்தது. நஞ்சு கருப்பை வாயைச் சுற்றியே ஒட்டிக்கொண்டிருப்பதைத் தன் கைப்பட உணர்ந்ததாக அவர் எழுதினார். ஆயினும் கோட்பாடாக அது நிலைபெற மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. நார்விச் நகரத்து எட்வர்ட் ரிக்பி 1775-இல் வெளியிட்ட சிறு நூல்தான் இன்றுவரை பாடநூல்களில் ஓடுகிற கோட்டைப் போட்டது. நஞ்சு சரியான இடத்தில் இருந்து, ஏதோ ஒரு காரணத்தால் இடையில் பிரிந்தால் வரும் உதிரம் தற்செயலானது. நஞ்சு கருப்பை வாயின்மேலேயே ஒட்டியிருந்தால் வாய் திறக்கும்போது உதிரம் வந்தே தீரும், ஆகவே அது தவிர்க்க முடியாதது.

இந்தப் பிரிவினையின் பலம் அதன் உடற்கூற்றியல் தெளிவு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கருப்பையின் அடிப்பகுதி மெலிந்து நீள்கிறது. மேலே இருக்கும் கனத்த தசை அப்படி நீள்வதில்லை. அடியில் ஒட்டிய நஞ்சு, தான் பற்றியிருக்கும் சுவர் இழுபடும் அளவுக்குத் தானும் இழுபட முடியாமல் ஓரத்தில் விடுபடுகிறது. விடுபட்ட இடத்தில் தாயின் இரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. மேற்சுவராக இருந்தால் தசைநார்கள் இறுகி அவற்றை நெரித்து மூடும். அடிச்சுவரில் அந்த அளவு தசை இல்லை. வலியே இல்லாமல், தூக்கத்தில்கூட, பளிச்சென்ற சிவப்பில் உதிரம் வருவதும், தானாக நின்று சில நாளில் மறுபடி வருவதும் இதனால்தான். பிளாசென்டா பிரீவியா என்று இன்று சொல்லப்படும் நிலை இது. நிறைமாதத்தில் ஏறக்குறைய 200 கர்ப்பங்களில் ஒன்றில் இது காணப்படும்.

ரிக்பியின் குறை அவர் காட்டிய அறியும் வழியில் இருந்தது. உதிரம் கண்டால் கையை உள்ளே விட்டு நஞ்சு தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் காலத்தில் வேறு கருவி ஏதும் இல்லை. ஆனால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நஞ்சை விரலால் தொடுவதே அடங்கியிருந்த உதிரத்தைப் பீறிடச் செய்யும். காரணத்தை உறுதிசெய்யப் போய் ஆளை இழப்பது என்பது இத்துறையில் பலமுறை நடந்திருக்கிறது. இக்கட்டுரையின் வாதத்துக்கு அதுவே முதற்சான்று.

நஞ்சு ஏன் பிரிகிறது?

ரிக்பி தற்செயல் என்று சொல்லி நிறுத்திய இடத்தில்தான் பின்வந்தவர்களின் சண்டை நடந்தது. நல்ல இடத்தில் ஒட்டிய நஞ்சு ஏன் முன்கூட்டியே பிரிய வேண்டும்? முதல் விடை அடிபடுதல். கீழே விழுவது, வயிற்றில் அடி, இன்றைய மலேசியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் விபத்து ஆகியவை உண்மையான காரணங்களே. அடிபட்ட கர்ப்பிணியை வெளிக்காயம் இல்லாவிட்டாலும் சில மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும் என்பது அதனால்தான். திரும்பத் திரும்ப உதிரம் படும் பெண்ணிடம் வீட்டில் அடிவாங்குகிறாளா என்று தனியே விசாரிக்கும்படி பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் குடும்பங்களில் மாமியாரோ கணவனோ பக்கத்தில் இல்லாமல் அந்தக் கேள்வி கேட்கப்படுவது அரிது. ஆனாலும் பிரிந்த நஞ்சுகளில் மிகச் சிறு பங்குக்கே அடி காரணம். மொத்தத்தையும் விளக்க இது போதாது.

இரண்டாவது விடை இரத்த அழுத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கர்ப்பகால நச்சு என்று அழைக்கப்பட்ட நிலையோடு இது சேர்த்துப் பேசப்பட்டது. 1901-இல் அமெரிக்காவின் ஜோசப் டிலீ, நஞ்சு பிரிந்த ஒரு பெண்ணின் இரத்தம் உறையவே இல்லை என்று பதிவு செய்தார். 1911-இல் பிரான்சின் அலெக்சாந்தர் கூவ்லேர், வெளியேற வழியில்லாத உதிரம் கருப்பைத் தசைக்குள்ளேயே ஊறி அதைக் கருநீலமாக்கியிருந்ததை விவரித்தார். இவ்விரு பதிவுகளுக்குப் பின் நஞ்சு பிரிதலைக் கருப்பையின் ஓரிடத்துக் கோளாறாக மட்டும் பார்க்க முடியாமல் போனது. அது முழு உடம்பின் இரத்தவோட்டத்தையும் உறைதலையும் குலைக்கும் நோயானது.

மூன்றாவது விடை உணவு. 1960-களில் லிவர்பூலில் பிரையன் ஹிப்பார்டும் அவரது குழுவும் நஞ்சு பிரிந்த பெண்களிடம் ஃபோலேட் குறைபாடு மிகுந்திருப்பதாகக் கண்டனர். அது காரணமானால் மாத்திரையால் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஃபோலிக் அமிலத்தால் தண்டுவடக் குறைபாடு தடுக்கப்படுவது பின்னாளில் உறுதியானது. நஞ்சு பிரிதல் தடுக்கப்படுமா என்பதற்குப் பிந்திய ஆய்வுகள் உறுதியான ஆதரவு தரவில்லை. தாயின் பெருஞ்சிரை அமுங்குவது, தொப்புள்கொடி குட்டையாக இருப்பது என்று முன்வைக்கப்பட்ட வேறு விடைகள் சில ஒற்றை நிகழ்வுகளுக்குப் பொருந்தினாலும் பொதுவிடையாக நிலைக்கவில்லை.

இன்று மேலோங்கி நிற்பது நான்காவது பார்வை. கருவுற்ற முதல் மாதங்களில் நஞ்சு கருப்பைக் குழாய்களுக்குள் சரியாக வேரூன்றாமல் போவதே தொடக்கம். அதே குறை ஒருத்திக்கு இரத்த அழுத்தமாகவும், இன்னொருத்திக்குக் குழந்தை வளராமையாகவும், மூன்றாமவளுக்கு நஞ்சு பிரிதலாகவும் வெளிப்படுகிறது. இந்தப் பார்வையில் திடீர் உதிரம் என்பது மாதக்கணக்கில் நடந்த ஒரு சீர்குலைவின் கடைசிக் கட்டம். புகைபிடித்தல், கோக்கைன், சியாபு என்று இங்கே வழங்கும் போதைப்பொருள், முன் கர்ப்பத்தில் பிரிதல் ஏற்பட்டிருப்பது ஆகிய அபாயக்கூறுகள் இதனோடு ஓரளவு பொருந்துகின்றன. ஒருமுறை பிரிந்தவருக்கு மறுமுறை பிரியும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கைந்து. இருமுறை என்றால் அது இருபதையும் தாண்டலாம். என்னைக் கேட்டால் சான்றுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் இதன் பலவீனத்தை மறைக்கக் கூடாது. நஞ்சு பிரிந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதுவரை எந்த அபாயக்கூறும் இல்லாதவர்கள் என்று பிரிட்டன் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி குறிப்பிடுகிறது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவாத கோட்பாடு, காரணத்தை விளக்கினாலும் காவலுக்கு அதிகம் பயன்படாது.

நூல்களில் இடம்பெறாத ஐந்தாவது விடை ஒன்று வீடுகளில் உண்டு. உடம்புச் சூடு, பப்பாளி, அன்னாசி, கனம் தூக்கியது, மாடிப்படி ஏறியது. பழுத்த பப்பாளியோ சூடோ கடைசி மாதங்களில் உதிரம் வரவைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த விளக்கத்தின் கேடு அதன் பிழையில் இருப்பதைவிட அது கேட்டுவாங்கும் நேரத்தில் இருக்கிறது. சூடு என்று முடிவானதும் இளநீர் வருகிறது, வெந்தயம் வருகிறது, காலையில் பார்க்கலாம் என்ற பேச்சு வருகிறது. காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணும் வீடு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது.

மக்காஃபியின் பொறுமை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கருப்பை வாயை மறைத்த நஞ்சுக்கு மருத்துவம் என்றால் உடனே பிரசவம் என்றே பொருள். தாய் பிழைத்தாள். குறைமாதக் குழந்தை பெரும்பாலும் பிழைக்கவில்லை. பெல்ஃபாஸ்ட்டின் சார்ல்ஸ் மக்காஃபி 1945-இல் 174 பெண்களின் வரலாற்றை வெளியிட்டு இந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டார். முதல் உதிரம் ஏறக்குறைய எப்போதும் தாயைக் கொல்வதில்லை, அதைத் தூண்டிவிடும் விரல்தான் கொல்கிறது என்பது அவர் கண்டது. எனவே உள்ளே கைவைக்காதே, மருத்துவமனையில் படுக்கவை, இரத்தத்தைத் தயாராக வை, குழந்தை முதிரும்வரை காத்திரு என்றார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஹெர்மன் ஜான்சனும் இதையே சொன்னார். கடைசியில் உள்சோதனை தேவைப்பட்டால் அறுவை அறையில், கத்தி தயாராக இருக்கும்போது மட்டும் செய்யும் வழக்கம் அதிலிருந்து நிலைத்தது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் ஆ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய பாடநூலை அடுத்தடுத்த பதிப்புகளில் படித்த தலைமுறையினர் இந்த விதியோடு வளர்ந்தவர்களே. அவர்களில் மலேசியாவுக்கு வந்து பணியாற்றியோரும் உண்டு.

மக்காஃபி காரணத்தை அறிவதைத் தள்ளிப்போட்டுத்தான் உயிர்களைக் காத்தார். நஞ்சு எங்கே இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததையே ஒரு விதியாக மாற்றினார்: வேறென்று உறுதியாகும்வரை எல்லா உதிரமும் தாழ்ந்த நஞ்சின் உதிரமே. அவரது முறையின் பலவீனம் செலவில் இருந்தது. வாரக்கணக்கில் கட்டில், எப்போதும் தயாராக இரத்தம், இரவிலும் அறுவை அறை. இவை இல்லாத தோட்டப்புறத்துக்கு அந்த விதியின் முற்பாதி மட்டுமே போய்ச்சேர்ந்தது.

ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

1958-இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்கும் முறையை வெளியிட்டபின், 1960-களில் நஞ்சின் இடத்தைக் கண்டறிய அது பயன்பட்டது. 1980-களில் பிறப்புவழியில் வைத்துப் பார்க்கும் கருவி வந்தபோது கருப்பை வாய்க்கும் நஞ்சின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்க முடிந்தது. விரலால் தொடுவது ஆபத்து என்றால் கருவி ஆபத்தில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அது கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை. சில சென்டிமீட்டர் தள்ளி நின்றே பார்ப்பதால் பாதுகாப்பானது என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய நான்கு தர வகைப்பாடும் இதனால் சுருங்கியது. நஞ்சு வாயை மூடினால் பிரீவியா, 20 மில்லிமீட்டருக்குள் ஓரம் வந்தால் தாழ்ந்த நஞ்சு, அவ்வளவுதான்.

இருபதாவது வார ஸ்கேனில் தாழ்ந்ததாகத் தெரியும் நஞ்சுகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது நிறைமாதத்துக்குள் வாயை விட்டு விலகிவிடும். நஞ்சு நடந்து போவதில்லை. கீழ்ச்சுவர் நீள நீள வாயிலிருந்து அதன் தொலைவு கூடுகிறது. முன்பு சிசேரியன் தழும்பு இருந்தால் விலகும் வாய்ப்பு குறைகிறது. அந்தத் தழும்பின்மேலேயே நஞ்சு ஊன்றினால் அது சுவரைத் துளைத்துப் பற்றிக்கொள்ளும் அக்ரீட்டா என்ற நிலையும் வரலாம். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிரீவியா உள்ளவர்களில் இது முதல் சிசேரியனின்போது நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61 என்று ஏறியது. உதிரத்துக்குப் பயந்து செய்யும் ஒவ்வொரு தேவையற்ற சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு எழுதும் கடன் சீட்டு.

நஞ்சு பிரிதலில் ஸ்கேன் தோற்றுப்போகிறது. புதிய உதிரக்கட்டி நஞ்சின் அதே சாம்பல் நிறத்தில் தெரிவதால் கண் ஏமாறும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் உறுதியான பிரிதல்களில் நான்கில் ஒன்றைத்தான் ஸ்கேன் கண்டுபிடித்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற இரண்டு சொற்களை வாங்கிக்கொண்டு வயிறு கல்லாக இறுகிய பெண் வீடு திரும்புவது, காரணம் தேடும் கருவி ஆபத்தை மறைத்துவிடும் இன்னொரு வகை.

குழந்தையின் இரத்தம்

இதுவரை பேசியது தாயின் இரத்தம். தொப்புள்கொடியின் குழாய்கள் நஞ்சை அடையும் முன்பே பாதுகாப்பு உறையிலிருந்து விலகி, வெறும் சவ்வின்மேல் ஓடி, கருப்பை வாயைக் கடந்து செல்வது வாசா பிரீவியா. பனிக்குடம் உடையும்போது குழாயும் கிழிந்தால் வெளியேறுவது குழந்தையின் சொந்த இரத்தம். நிறைமாதக் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே 250 முதல் 300 மில்லிலிட்டர்தான். தாய்க்குச் சிறிய போக்காகத் தெரிவது குழந்தைக்கு முழு இழப்பு. லியோனார்ட் ஆப்ட் 1955-இல் தந்த சோதனை இதைப் பிரித்தறியும். வந்த இரத்தத்தைத் தண்ணீரில் கரைத்துக் காரம் சேர்த்தால் தாயுடையது பழுப்பு மஞ்சளாக மாறும், குழந்தையுடையது இளஞ்சிவப்பாகவே நிற்கும். சோதனை அழகானது. ஆனால் முடிவு தெரியும் நேரத்துக்குள் குழந்தை போய்விடக்கூடும் என்பதால் படுக்கையருகில் அதன் பயன் குறைவு. 2004-இல் வெளியான 155 நிகழ்வுகளின் தொகுப்பில், முன்பே ஸ்கேனில் கண்டறியப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 97 பிழைத்தன. கண்டறியப்படாதவற்றில் 44 மட்டுமே. முன்கூட்டி அறிவது எங்கே உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் இத்துறையில் குறைவு.

பெயரில்லாத பாதி

பிரீவியா, பிரிதல், வாசா பிரீவியா, கருப்பை வாய்ப் புண், தசைவளர்ச்சி, அரிதாகப் புற்று, பழைய தழும்பு வெடித்தல், வலி தொடங்கும் முன் வரும் இரத்தம் கலந்த சளி என எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவும் கிடைப்பதில்லை. காரணம் தெரியாத உதிரம் என்று எழுதிவைக்கிறார்கள். எழுதியதும் பலர் அதை ஒன்றுமில்லாததாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவர்களுக்கும் குறைமாதப் பிறப்பு மற்றவர்களைவிட மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நஞ்சின் ஓரத்தில் சிறிதளவு பிரிந்து தானாக அடங்கியவை இவற்றில் எத்தனை என்று யாராலும் பிரித்துக்காட்ட முடியவில்லை.

வலியும் அளவும் போதுமா?

வலியில்லாமல் பளிச்சென்று வந்தால் பிரீவியா, வலியோடு கருஞ்சிவப்பாக வந்து வயிறு பலகைபோல் இறுகினால் பிரிதல். மாணவர்கள் முதலில் கற்கும் இந்தச் சூத்திரம் பெரும்பாலும் சரி. சரியாக இருப்பதாலேயே ஆபத்தானது. பிரீவியா உள்ள பெண்ணுக்குப் பிரசவ வலியும் சேர்ந்து வரலாம். சிலருக்கு இரண்டு நோயும் ஒன்றாகவே இருக்கும். நஞ்சு பின்சுவரில் ஒட்டிப் பிரிந்தால் வயிறு மெத்தென்றே இருக்க, முதுகுவலி மட்டும் தெரியும். வேலைக்களைப்பு என்று அது ஒதுக்கப்படும்.

வெளியே தெரியும் அளவும் நம்பத்தக்கதன்று. வழிகாட்டுதல்கள் 50 மில்லிலிட்டருக்குக் கீழே சிறியது, 1000-க்கு மேல் மிகப்பெரியது என்று வகுக்கின்றன. ஆனால் யாரும் வீட்டில் அளவுக்குவளை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. பாவாடையிலும் பஞ்சணையிலும் கழிவறையிலும் போனதைக் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். அந்த மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பிரிதல்களில் ஐந்தில் ஒன்று அளவில் உதிரம் வெளியே வருவதே இல்லை. நஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் தேங்கிவிடுகிறது. இதற்கு மேல் கர்ப்பிணியின் உடம்பே நம்மை ஏமாற்றும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதிமடங்கு கூடியிருப்பதால், ஒரு லிட்டருக்கு மேல் இழந்த பிறகும் இரத்த அழுத்தம் சரியாகவே காட்டலாம். முதலில் ஏறுவது நாடித்துடிப்பு. மேல்அழுத்த எண்ணை நாடித்துடிப்பு எட்டிப்பிடித்துவிட்டால் அழுத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலை கெட்டிருக்கிறது என்று பொருள். முகம் வெளுத்தல், உள்ளங்கை வியர்த்துக் குளிர்தல், காரணமில்லாத பரபரப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றைப் பக்கத்தில் இருக்கும் எவரும் பார்க்க முடியும். இவற்றில் ஒன்றுக்கும் நஞ்சு எங்கே இருக்கிறது என்ற அறிவு தேவையில்லை.

செபராங் ஜெயாவிலிருந்து பார்த்தால்

மலேசியாவின் கர்ப்பகாலப் பராமரிப்பு இந்த வாதத்தை ஒருவகையில் முன்பே ஏற்றுக்கொண்டது. அரசு சுகாதார கிளினிக்கில் பதியும் ஒவ்வொரு தாய்க்கும் பதிவுப் புத்தகம் தரப்படுகிறது. அதில் அபாய நிலைக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி இடப்படுகிறது. கடைசி மாதங்களின் உதிரப்போக்கு சிவப்பில் அடங்கும். அதாவது காரணம் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்கு. இதை முடிவு செய்ய கிளினிக் மிஸிக்கு (செவிலியருக்கு) ஸ்கேன் வேண்டாம், நிபுணரின் ஒப்புதல் வேண்டாம். தொலைவில் இருப்பவர் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது என்று தெரிந்தவர்கள் வகுத்த விதி இது.

1991-இல் தொடங்கிய பெயர் மறைத்து நடத்தும் தாய்ச்சாவு விசாரணை இதற்கு அடுத்த தூண். அதற்கு முந்திய ஆண்டில் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 20-ஐ ஒட்டி நின்ற தாய்ச்சாவு எண் அந்த ஆண்டில் 44 ஆனது. சாவு திடீரென்று இரட்டிக்கவில்லை. விடுபட்டவை எண்ணப்பட்டன. பின்னர் அந்த எண் படிப்படியாகக் குறைந்து 2010-களின் இறுதியில் இருபதுகளின் தொடக்கத்துக்கு வந்தது, கோவிட் ஆண்டான 2021-இல் மட்டும் 68-க்குத் தாவியது. இந்திரா பத்மநாதன் தலைமையில் உலக வங்கி 2003-இல் வெளியிட்ட மலேசியா, இலங்கை பற்றிய ஆய்வு, இந்த இறக்கத்துக்குப் பெரிய மருத்துவமனைகளைவிட ஊர்தோறும் இருந்த பயிற்சிபெற்ற மருத்துவச்சிகளுக்கும் அவர்கள் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளுக்கும் இடையில் இருந்த இணைப்பையே முதன்மையாகச் சுட்டியது. ரப்பர் தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) காலத்தை நினைவில் வைத்திருக்கும் செபராங் பிறைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த இணைப்பு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பது புதிய செய்தியன்று.

இன்று பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துப் பெண்ணுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை, பினாங்குத் தீவுக்குச் செல்லும் பாலத்தைக் கடக்காமலே எட்டும். தொலைவு என்ற தடை பெருமளவு குறைந்துவிட்டது. மிஞ்சுவது வீட்டுக்குள் நடக்கும் தாமதம். தாய்ச்சாவுக்கு முந்தும் மூன்று தாமதங்களை 1994-இல் தாடியஸும் மெய்னும் வகுத்தபோது, போக முடிவெடுப்பதில் ஆகும் தாமதத்தை முதலாவதாக வைத்தனர். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டில் நிற்பவள் மேற்பார்வையாளரிடம் என்ன சொல்லி வெளியே வருவது, பாதி இரவில் யாரை எழுப்புவது, போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் என்ன நினைப்பார்கள் என்று அவள் எண்ணும் நேரத்தை எந்த நெடுஞ்சாலையும் குறைக்காது.

இவ்வட்டாரத் தமிழருக்கே உரிய ஒரு குறிப்பும் உண்டு. இந்திய வம்சாவளியினரில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் ரீசஸ் நெகட்டிவ் இரத்த வகையினர். மலாய், சீன மக்களிடம் அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. உதிரப்போக்கின்போது பாசிட்டிவ் வகைக் குழந்தையின் இரத்தம் நெகட்டிவ் தாயினுடையதோடு கலந்தால் அடுத்த குழந்தைக்குக் கேடு விளையலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். உதிரம் தானாக நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடும் தமிழ்ப் பெண் இழப்பது இந்த வாய்ப்பையும்தான். அவ்வகை இரத்தம் அரிதாக உள்ள நாட்டில் அவளுக்கு ஏற்ற இரத்தத்தைத் தேடவும் நேரம் பிடிக்கும்.

மறுப்புகள்

துளி இரத்தத்துக்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓடச் சொன்னால் பிரசவக்கூடம் நிரம்பி, உண்மையில் ஆபத்தில் இருப்பவள் வரிசையில் காத்திருக்க நேரும் என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஆனால் துளியில் நிற்பதா, பெருக்கப்போவதா என்பதைத் துளி விழும் நேரத்தில் பிரித்தறிய வழியில்லை. வந்தவர்களை நாடி, வயிறு, குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியவற்றால் விரைவாக வகைப்படுத்தும் வேலை மருத்துவமனை வாசலுக்கு உரியது. அதை வீட்டுத் திண்ணைக்குத் தள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. காரணத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவம் செய்ய முடியுமா? முடியாது. எப்போது, எந்த வழியில் பிரசவம், எத்தனை பை இரத்தம், கருப்பையை எடுக்க நேருமா என்பதெல்லாம் காரணத்தைப் பொறுத்தவை. சிக்கலில்லாத பிரீவியாவுக்கு 36 முதல் 37 வாரத்துக்குள்ளும், வாசா பிரீவியாவுக்கு அதற்கு முன்பும் அறுவையைத் திட்டமிடும்படி பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்வது காரணம் தெரிந்திருப்பதால்தான். ஆனால் இவையெல்லாம் அவள் கட்டிலுக்கு வந்தபின் எழும் கேள்விகள். கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை அல்ல.

மூன்றாவது, இருபதாவது வாரத்திலேயே நஞ்சு தாழ்ந்திருப்பதாகச் சொல்வது பத்தில் ஒன்பது பேரை வீணாகப் பயமுறுத்துகிறது என்பது. நான்கு மாதம் படுக்கையிலேயே கிடக்கும்படி வீட்டார் கட்டாயப்படுத்துவதும் நடக்கிறது. அப்படிக் கிடப்பதால் நன்மை என்பதற்குச் சான்று இல்லை, கால்களில் இரத்தம் உறையும் தீங்குக்குச் சான்று உண்டு. இதற்கு மருந்து செய்தியை மறைப்பதன்று. 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பெரும்பாலும் விலகிவிடும், அதற்குள் உதிரம் கண்டால் உடனே வர வேண்டும் என்று மூன்று வாக்கியங்களில், தாய்மொழியில் எடுத்துச் சொன்னால் போதும்.

முடிவாகாதவை

பிரீவியா உள்ள, உதிரம் நின்றுவிட்ட பெண்ணை மருத்துவமனையிலேயே வைத்திருப்பதா, அருகில் வசித்தால் வீட்டுக்கு அனுப்பலாமா என்பதில் இதுவரை வந்த சமவாய்ப்பு ஆய்வுகள் சிறியவை. எதிர்த்தரப்பை வாயடைக்கும் அளவு அவை பேசவில்லை. இரவில் கார் கிடைக்காத வீட்டுக்கும், மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே விதி பொருந்துமா என்பது ஆய்வு மட்டும் தீர்க்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. வாசா பிரீவியாவை எல்லாக் கர்ப்பிணிகளிடமும் தேட வேண்டுமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு அதைப் பரிந்துரைக்கவில்லை. தாழ்ந்த நஞ்சு, சவ்வில் ஊன்றிய தொப்புள்கொடி, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஆகியவை இருந்தால் மட்டும் தேடலாம் என்ற நடுவழியே இப்போதைக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நஞ்சு பிரிதலில் நிலைமை இன்னும் மங்கல். அபாயமுள்ளோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை முதல் மாதங்களிலேயே தொடங்கினால் இரத்த அழுத்த நோய் குறைகிறது என்பது தெளிவு. வேர் ஒன்றே என்ற கோட்பாடு சரியானால் பிரிதலும் குறைய வேண்டும். அது குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமுகப்படவில்லை. குறையவில்லை என்று முடிவானால் அந்தக் கோட்பாட்டையே திருத்த வேண்டிவரும். குறைகிறது என்றாலும் அபாயக்கூறு எதுவும் இல்லாமல் பிரியும் அந்தப் பத்தில் ஏழு பேரை அது எட்டாது. அவர்களுக்குள்ள காவல், உதிரம் கண்ட அந்த மணி நேரத்தில் நாடியையும் வயிற்றையும் பார்த்துக் கிளம்பச் சொல்லும் ஓர் ஆள்தான்.